சரளை போடாத மேடு

சாவு வீட்டுக்கு எந்தக் கோலத்தில் வரவேண்டும் என்பதுகூட இந்தக் காலத்தில் ஒருவனுக்கும் தெரியவில்லை. சாவு வழக்கப்படி வீட்டு வாசலிலிருந்து கேட் வரை பச்சை ஊசியிலைக் கிளைகளைப் பரப்பிக்கொண்டிருந்த வில்ஹோ, நிமிர்ந்து எதிர் மேட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். தம்பி ரெய்னோவின் உடலைக் கொண்டுவரும் கறுப்பு வண்டியை இன்னும் காணோம். அதற்கு முன்னால் சைக்கிள்காரர்கள் பதினொரு பேர் வந்துகொண்டிருந்தார்கள். தொடையோடு ஒட்டிய அரைக்கால்சட்டை, தலையில் காளான் மாதிரி ஒரு கவசம். புஜத்தில் கட்டியிருந்த கறுப்புத் துணியை விட்டால் பந்தயத்துக்குக் கிளம்பியவர்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

“டவுன்ல பேன்ட்டு விக்கிறதே இல்லையா?” என்றார்.

ரெய்னோவின் மனைவி ஐலா படியில் காபிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். “வாயை மூடு வில்ஹோ. அவன் கூட்டாளிங்க அவங்க. நாப்பது கிலோமீட்டர் காட்டுக்குள்ள மிதிச்சு வந்திருக்காங்க.”

“எங்க மிதிக்கிறாங்க? தள்ளிக்கிட்டுல்ல வர்றாங்க.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் குனிந்து ஒரு கிளையை நேராக்கினார். அது நேராகத்தான் கிடந்தது.

அந்த மேட்டில் ஜல்லி கொட்டியவர் அவர்தான். காட்டு ரோடு அரசாங்கத்துடையது இல்லை; அதை ஒட்டி இருக்கிற ஐந்து வீட்டுக்காரர்களுடையது. முப்பத்தொரு வருஷமாக அதன் பராமரிப்பு வில்ஹோவின் பொறுப்பு. மரலாரி வருஷத்துக்கு நாலு தடவை வரும். மற்ற நாளில் ஒரு கார்கூட எட்டிப் பார்க்காது. அதனால்தான் இந்தச் சைக்கிள்காரர்கள் மொய்த்தார்கள். ரெய்னோவும் அறுபத்தெட்டு வயதில் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு அந்தக் கும்பலில் சேர்ந்தான்.

இந்த வருஷம் பனி உருகியபோது மேடு சேறாகிவிட்டது. வில்ஹோ முஷ்டி அளவு ஜல்லியைக் கொட்டி டிராக்டரால் நிரவினார். அதன்மேல் பொடிச் சரளை பரப்பினால்தான் ரோடு ரோடாக இருக்கும். சரளையும் வந்து வளைவில் குவியலாகக் கிடந்தது. ஒரு மணி நேர வேலை. ஆனால் ரோட்டுக் கூட்டத்தில், ஐந்து வீட்டார் முன்னால், ரெய்னோ சொன்னான்: “எங்க ஆளுங்க சறுக்கி விழுறாங்கண்ணே. ரோடுன்னா லாரிக்கு மட்டுமா?”

“எங்க ஆளுங்க” என்ற சொல் வில்ஹோவைச் சுட்டது. “ரோடு சைக்கிளுக்குப் போட்டதில்ல. இலையுதிரட்டும், பரப்புறேன்” என்றார்.

ஆகஸ்டில் அந்த மேட்டு உச்சியில் ரெய்னோ செத்துப்போனான். பதினேழு நாளாயிற்று. மாரடைப்பு என்றார் டாக்டர். எங்கே இருந்தாலும் அன்றைக்கு வந்திருக்கும் என்றார். மேட்டைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் பேச்சை எப்படி நம்புவது? ஐலாவோ ஜல்லியைப் பற்றி இந்தப் பதினேழு நாளில் ஒரு வார்த்தை பேசவில்லை. வைதிருந்தால் பதிலுக்கு வையலாம். இது அவரைப் போட்டு அறுத்தது.

சைக்கிள்காரர்கள் முற்றத்துக்கு வந்தார்கள். முன்னால் வந்தவள் மிர்வா, பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, நாற்பத்தைந்து இருக்கும். ரெய்னோ செத்த அன்றைக்கு அவனோடு வந்தவள் அவள்தான்.

“நீங்கதானே வில்ஹோ?” என்று கை நீட்டினாள். “ரெய்னோ உங்களைப் பத்தி நிறைய சொல்லுவார்.”

“நல்லதா ஒண்ணும் இருந்திருக்காது.”

“இல்லதான்” என்றாள் அவள். பின்னால் ஒருவன் சிரித்து, சாவு வீடு என்று நினைவு வந்து இருமினான்.

காபி குடிக்கும்போதும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. ரெய்னோ எந்தச் சதுப்பில் விழுந்தான், எந்தக் கடமானைப் பார்த்து மணி அடித்தான் என்று ஒரே பேச்சு. தன் தம்பியைப் பற்றித் தனக்கே தெரியாத கதைகளை முன்பின் தெரியாதவர்கள் சொல்வதைக் கேட்டு நிற்பது வில்ஹோவுக்கு எரிச்சலாக இருந்தது. எழுபது வருஷம் கூட இருந்தவன் எவன், இரண்டு வருஷம் கூட மிதித்தவன் எவன்?

கறுப்பு வண்டி மேட்டில் தலைகாட்டியது. ஆமை மாதிரி இறங்கியது. ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் நிமிர்ந்தது. உள்ளே சவப்பெட்டி மரப் பலகையில் இடிக்கும் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. முற்றத்தில் பேச்சு நின்றுபோயிற்று.

டிரைவர் இறங்கியதும் டயரைக் குனிந்து பார்த்தான். “ரோடா இது? எந்த மகராசன் போட்டான் இந்தக் கல்லை?”

பதினொரு பேரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஐலா தன் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நான்தான்” என்றார் வில்ஹோ. “கதவைத் திற.”

பெட்டியை இறக்கவில்லை. பின்கதவைத் திறந்துவைத்து, வீட்டைக் கடைசியாகக் காட்டிவிட்டுத் தேவாலயத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. ஒவ்வொருவராகப் பூவை வைத்து, அட்டையில் எழுதி வந்ததைப் படித்தார்கள். சைக்கிள்காரர்களின் அட்டை நீளமாக இருந்தது. முறை வந்தபோது வில்ஹோவிடம் அட்டை இல்லை. “வில்ஹோ” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அண்ணன்” என்றார். பூவைப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார். அது சரிந்தது, ஐலா தடுத்து நிறுத்தினாள். பிறகு எல்லாரும் ஒரு பாட்டுப் பாடினார்கள். ஆளுக்கொரு சுருதி.

பாட்டு முடிந்ததும் அவர் மிர்வாவின் முழங்கையைப் பிடித்துச் சவுனா என்கிற நீராவிக் குளியலறைச் சுவரோரம் அழைத்துப் போனார். ரெய்னோவின் சைக்கிள் அங்கேதான் சாய்ந்திருந்தது.

“ஒண்ணு கேக்கறேன் பொண்ணே. மழுப்பாம சொல்லு. வழுக்கி விழுந்தானா?”

“இல்ல.”

“இதே பதிலைத்தான் எல்லாரும் சொல்றானுங்க.”

“எல்லாரும் அங்க இல்ல. நான் இருந்தேன். அவர் விழல. அந்தக் கல்லுல யாராலயும் மிதிக்க முடியாது. இறங்கித் தள்ளிக்கிட்டு வந்தார். வழி பூரா உங்களைத்தான் திட்டினார்.”

“என்ன திட்டினான்?”

அவள் யோசித்தாள். “வாயால சொல்ற மாதிரி இல்ல. ஆனா சிரிச்சுக்கிட்டேதான் திட்டினார். மேல வந்து சைக்கிளை மரத்துல சாய்ச்சிட்டு, மூச்சு விட்டுக்கறேன்னு பாசியில உக்காந்தார். புளூபெர்ரி பறிச்சுத் தின்னார். பல்லெல்லாம் நீலம். நான் தண்ணி எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான்.”

“தள்ளினதுல வந்திருக்கும்.”

“டாக்டர் அப்படி சொல்லலையே.”

“டாக்டர் தள்ளினானா?”

“வில்ஹோ, உங்க மேல பழி போடத்தான் வந்திருந்தேன்னா முதல் நாளே போட்டிருப்பேன். எனக்கும் கோவம் இருக்கு. அந்தச் சரளையை நீங்க பரப்பியிருக்கணும். ஆனா அதுக்காக அவரைக் கொன்னது நீங்கன்னு சொல்ல என்னால முடியாது.”

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். சமையல்காரி, பிள்ளைகள் அழுதால் ஏதாவது சொல்லித் தேற்றிப் பழகியவள். மனம் நோகாமல் இருக்க வாயில் வந்ததைச் சொல்கிறவர்களை அவருக்குத் தெரியும்.

சைக்கிளின் குறுக்குக் கம்பியைப் பிடித்து ஒரு கையால் தூக்கினார். சட்டென்று மேலே வந்தது. “இவ்வளவுதானா? கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு. இதைத் தள்ளியா ஒருத்தன் சாவான்?”

பதிலுக்கு அவர் நிற்கவில்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி மேட்டில் ஏறத் தொடங்கினார். “எங்க போற வில்ஹோ? கார்ல இடம் இருக்கு!” என்று பக்கத்து வீட்டுக்காரன் கத்தினான். அவர் திரும்பவில்லை. சாவுக்கென்று போட்ட வழுவழுப்பான ஷூ கல்லுக்குக் கல் நழுவியது. முன்சக்கரம் இரண்டு ஜல்லிக்கு நடுவே சிக்கிக்கொண்டது, வெட்டி இழுத்தார். பத்தடியில் சைக்கிள் லேசாக இருந்தது. முப்பதடியில் அப்படி இல்லை.

கீழே வண்டியின் கதவுகள் சாத்தப்பட்டன. கறுப்பு வண்டி அவருக்குப் பின்னால் ஊர்ந்து ஏறியது. இரண்டு பக்கமும் மரங்கள். விலகிப் போக இடமில்லை. ஒருமுறை ஹாரன் சின்னதாக ஒலித்தது. உடனே திறந்த ஜன்னல் வழியாக ஐலாவின் குரல் கேட்டது.

“அடிக்காதே. அவன் போகட்டும்.”

பாதி மேட்டில் வில்ஹோ நின்றார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. காதுக்குள் ரத்தம் இடித்தது. பின்னால் வண்டியும் நின்றது. அதற்குப் பின்னால் சைக்கிள்காரர்களும் நின்றார்கள்.

“லேசாத்தான் இருக்கு” என்றார், சத்தமாக, யாரையும் பார்க்காமல்.

கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, ரோட்டின் நடுவிலிருந்து ஒதுங்காமல், மறுபடியும் தள்ளினார்.