முன்சக்கரம் இழுக்கும் வண்டி

சாப்பிட உட்காரும் மனிதர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். ஊசியக்காவின் மாமனாரோ தட்டைத் தூக்கி அடியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பார். உள்நாட்டுத் தயாரிப்பு என்று எழுத்து இருந்தால்தான் சாப்பாடு இறங்கும். புதிதாக ஒரு கரண்டி வாங்கி வந்தாலும் போதும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அதனால் அந்த வீட்டில் எல்லாமே உள்நாட்டுச் சரக்கு. ஃபிளாஸ்க்கில் ஊற்றிய வெந்நீர் கொஞ்ச நேரத்தில் பச்சைத்தண்ணீராகிவிடும். குடை, காற்றைப் பார்த்ததும் மல்லாந்துவிடும். இஸ்திரிப் பெட்டி அவளுடைய வெள்ளைச் சீருடைகளை ஒவ்வொன்றாகப் பொசுக்கிக்கொண்டு வந்தது. "பழகப் பழகச் சரியாயிடும்மா" என்பார் மாமனார். பொசுங்கியது அவர் சட்டையா என்ன?

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் நிற்கிற வேலை இல்லை, வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற வேலை. அதனால் ஊருக்கே ஊசியக்கா. அவளுடைய நோயாளிகளில் பாதிப்பேர் மேட்டுத் தெருவில் இருக்கிறார்கள், முக்கால்வாசி சர்க்கரைக்காரர்கள். அவள் வந்து ஊசி போட்டால்தான் அவர்கள் காலையில் ஒரு வாய் சாப்பிட முடியும். அவள் தாமதமானால் மேட்டுத் தெரு முழுக்கப் பட்டினி, அவ்வளவுதான் கணக்கு. அந்தத் தெருவோ செங்குத்தாக ஏறும். மழை பெய்தால் மேலேயிருந்து களிமண் கரைந்து வந்து, தெரு முழுக்க எண்ணெய் தடவியது மாதிரி ஆகிவிடும்.

அவள் ஓட்டிக்கொண்டிருந்த பழைய கார் உயிரை விட்டதும் வீட்டில் பஞ்சாயத்து தொடங்கியது. மாமனார் வேலை பார்த்ததே உள்நாட்டுக் கார் கம்பெனியில்தான். பின்சக்கர அச்சுகளைப் பூட்டிப் பூட்டியே தலை நரைத்தவர். அந்தக் கம்பெனி செய்கிற காரெல்லாம் பின்சக்கரம் தள்ளுகிற வகைதான். முன்சக்கரம் இழுக்கிற கார் வேண்டுமென்றால் வெளிநாட்டுக் கம்பெனிக்குத்தான் போகவேண்டும்.

"முன்னாடி நின்னு இழுக்கிறது மாடும்மா. கார்னா பின்னாடியிருந்து தள்ளணும்" என்றார் அவர்.

"பழைய வண்டி நல்லாத்தான் தள்ளுச்சு மாமா, சாக்கடைக்குள்ள. ஈரத்துல அதோட பின்பக்கம் எங்க போகும்னு அதுக்கே தெரியாது."

"அது ரோட்டோட தப்பு."

ரோட்டின் தப்பாம்! கம்பெனி மேல் மட்டும் ஒரு தூசு விழக்கூடாது. அவள் கணவனைப் பார்த்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாக இருந்தாலாவது அடித்தால் சத்தம் வரும். இவன் தலையணை. "ரெண்டு பேர் சொல்றதும் சரிதானே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

கடைசியில் அவள் மெக்கானிக்கைக் கேட்டாள். "இன்ஜின் பாரம் முன்னாடி இருக்கு. இழுக்கிற சக்கரத்து மேலயே அது அழுத்தி உக்காந்துக்கும். உங்களை மாதிரி பாரம் ஏத்தாம வெறும் வண்டியா ஓட்டுறவங்களுக்கு மழையில அதுதான் ரோட்டைப் பிடிக்கும்" என்றார் அவர். அது போதும் என்று முடிவு செய்து, சம்பளத்தை அடகு வைக்காத குறையாக, அந்த வெளிநாட்டு வண்டியை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள்.

மாமனார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்க்கவில்லை. நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, நாசமாய்ப் போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். வைதிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெயில் இருந்தவரை வண்டி தங்கமாக ஓடியது. மழை வந்தது. முதல் நாளே பாதி ஏற்றத்தில் முன்சக்கரங்கள் சர்ரென்று சுற்றின. வண்டி ஏறவில்லை, மெதுவாகப் பின்னால் வழுக்கியது. அவள் பிரேக்கை மிதித்து நிறுத்தி, ஊசிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறினாள். கடைசி வீட்டு டீச்சரம்மா நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். "பசி மயக்கத்துல உன்னையே ரெண்டா பாக்குறேன், ஒருத்தியாவது சீக்கிரம் வரக்கூடாதா" என்றார். பாவம், உண்மையிலேயே அவர் உதடு வெளுத்திருந்தது.

அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும். ஆஸ்பத்திரியில் மேட்ரன் கூப்பிட்டு விட்டார்கள். "சர்க்கரைக்காரங்களைப் பட்டினி போட முடியாது. இனி ஒரு நாள் லேட்டானாலும் மேட்டுத் தெருவை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன், வருத்தப்படாதே." மேட்டுத் தெரு போனால் அவளுக்கு மிஞ்சுவது அரைச் சம்பளம். வண்டிக்குத் தவணை கட்டிவிட்டு ஃபிளாஸ்க் தண்ணீரைக் குடிக்க வேண்டியதுதான்.

இதற்கிடையில் மாமனாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மழை தொடங்கின அன்றிலிருந்து படுக்கைதான், புரளக்கூட முடியவில்லை. "எதையாவது தூக்குனீங்களா மாமா?" என்று அவள் கேட்டதற்கு, "நான் எதைத் தூக்கப் போறேன், வயசாச்சுல்ல" என்றார். நாளெல்லாம் ஊரார் இடுப்பில் ஊசி குத்திவிட்டு வருகிறவள், சாயங்காலம் இவர் இடுப்பிலும் குத்தவேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பிக் கேட்பார்:

"வண்டி ஏறுச்சாம்மா?"

தினமும் இதே கேள்வி. வெந்த புண்ணில் வேல். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஊசி கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது. "ஏறுச்சு, ஏறுச்சு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, "உங்கப்பாவுக்கு என் பொழப்பு போனாத்தான் மனசு குளிரும்" என்று கணவனிடம் பொரிந்தாள். அந்த நேரத்தில் அவள் அந்தக் கிழவரை வெறுத்தாள். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

மறுநாள் விடியும்போதே கொட்டியது. வண்டி வழக்கமான இடத்தில் நின்று சுற்றியது. காய்கறிக்காரர் தன் தள்ளுவண்டியை ஓரம் கட்டிவிட்டு, பின்னால் வந்து முதுகைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் வந்து மூச்சு வாங்கினார்.

"ஏங்க்கா, டிக்கியில பொணம் கிணம் வச்சிருக்கீங்களா? பின்பக்கம் தரையைத் தொடுது. முன்சக்கரம் ரோட்டுல பட்டும் படாம நிக்குது."

அவள் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தாள். உள்ளே மூன்று மணல் மூட்டைகள். வாய் சுருக்கி, சணல் கயிறு போட்டு, அசையாதபடி ஒன்றோடொன்று அணைத்து வைத்திருந்தது.

முடிச்சைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. பழைய வண்டிக்கு மழைக்காலம் வந்தால் மாமனார் டிக்கியில் மணல் மூட்டை வைப்பார், மழை ஓய்ந்தால் எடுத்துவிடுவார். பின்சக்கரம் தள்ளுகிற வண்டிக்குப் பின்னால் பாரம் இருந்தால்தான் சக்கரம் தரையைக் கவ்வும். ஆனால் இது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. பின்னால் பாரம் ஏற்றினால், ஏற்றத்தில் முன்பக்கம் இலேசாகிச் சக்கரம் பிடிக்காது. அச்சுப் பூட்டியே காலம் தள்ளினவருக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் செய்திருக்கிறார். படுபாவி மனுஷன், மருமகள் வேலைக்கே உலை வைத்திருக்கிறார்.

காய்கறிக்காரர் மூட்டைகளை இறக்கி ஓரத்தில் போட்டார். வண்டி ஒரு உறுமலோடு மேட்டுத் தெருவில் ஏறியது. டீச்சரம்மா அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஊசி வரைக்கும் நேரத்துக்கு முடிந்தது. அவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை, ஆத்திரம் அப்படி. சாயங்காலம் வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமனார் அறைக்குள் நுழைந்தாள்.

"டிக்கியில மணல் மூட்டை வச்சது யாரு?"

"நான்தாம்மா" என்றார் அவர், ஒளிவுமறைவு இல்லாமல். "அன்னிக்கு மேகம் கறுத்துச்சு. நீ வேற மேட்டுல போறவ. வழுக்கி எங்கேயாவது விழுந்துடப் போறியேன்னு நானே தூக்கிட்டுப் போய் வச்சேன். ஏறுச்சுன்னு நீ சொன்னப்புறம்தான் தினமும் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

அவள் அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.

"மாமா, இது முன்சக்கரம் இழுக்கிற வண்டி."

 அவர் ஒரு கையைத் தூக்கி ஏற்றம் மாதிரிச் சாய்த்துப் பிடித்தார், இன்னொரு கை விரலை அதன் பின்பக்கத்தில் வைத்து அழுத்தினார். முன்பக்கம் எழும்பியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடச்சே" என்றார். "மழைன்னதும் கை தானா மூட்டையைத் தேடிடுச்சு. எத்தனை வருஷப் பழக்கம். அப்போ நீ ஏறவே இல்லையா?"

"இன்னிக்கு ஏறிட்டேன்."

"உன் வேலை?"

"இருக்கு. குப்புறப் படுங்க."

அவர் முக்கி முனகிப் புரண்டு படுத்தார். அவள் மருந்தை ஏற்றினாள், பஞ்சை நனைத்தாள். கோபம் போகவில்லை, போகிற இடம் தெரியாமல் உள்ளேயே சுற்றியது. ஏதாவது திட்டியாகவேண்டும்.

"இந்த இடுப்பை வச்சுக்கிட்டு மூணு மூட்டையைத் தூக்கலாமா? வாயைத் திறந்து என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டா என்ன?"

"கூப்பிட்டா நீ தூக்குவ" என்றார் அவர், தலையணைக்குள். "நாள் பூரா அலைஞ்சுட்டு வர்றவ."

அவள் பஞ்சை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஊசி குத்தச் சற்று நேரம் பிடித்தது.