தேரைப் பிரபு கக்கியது

பத்திரிகையைப் படித்து முடித்ததும் மினெகிஷிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "தேரைப் பிரபு சின்ன வயசில் என் கனவில் வந்தவர்" என்று இயக்குநர் இனுஸுகா பல்லைக் காட்டிப் பேட்டி கொடுத்திருந்தார். கனவாம்! மழைக்காலம் முழுக்கக் கழுத்து வலிக்க, ஒவ்வொரு புள்ளியாக வைத்து அந்தத் தேரையை வரைந்தவள் அவள். கதை அவளுடையது. அந்தத் தொப்பையும் அவள் யோசித்ததுதான்.

அவர்கள் ஒசாகாவில் செய்துகொண்டிருந்த வீடியோ விளையாட்டில் முதலில் வரும் பெரிய எதிரி தேரைப் பிரபு. ஊர் மணி, பாலம், அரிசிப் பானை, எதிர்த்துக் கேட்ட மனிதர்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கிவிட்டு, "எனது, எனது" என்று வயிற்றைத் தட்டிக்கொள்ளும். அடித்து வீழ்த்தினால் அத்தனையையும் கக்கும். யாரைப் பார்த்து வரைந்தாள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், இனுஸுகாவைத் தவிர. ஊருக்குப் போய்வந்தவர்கள் ஆளுக்கொன்றாகப் பங்கிடும் தின்பண்டத்தில், காய்ச்சலில் படுத்திருந்தவனின் பங்கையும் சேர்த்து வாயில் போட்டுக்கொள்கிற மனிதர் அவர்.

அந்தத் தொழிலில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பக்கத்துக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். ஆட்டத்தின் முடிவில் ஓடும் பெயர்களில் பட்டப்பெயர்தான் வரும். மினெகிஷிக்கு 'மினெபூ'. அந்த மினெபூவுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். வங்கி வேலையை விட்டதிலிருந்து தொத்தோரியில் இருக்கும் அம்மா தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்பாள்: "தவளை வரையப் போனியே, அதுல உன் பேராச்சும் வருமாடி?"

"வரும்மா, வரும்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

இப்போது அதற்கும் வந்தது வேட்டு. விளையாட்டு பதிவாகும் கேசட்டில் இடம் போதவில்லை என்று பெயர் வரிசையையே இனுஸுகா வெட்டிவிட்டார். மிஞ்சியது ஒரே வரி, அதுவும் சொந்தப் பெயரில்: 'எல்லாம்: இனுஸுகா'.

அவள் நேரே அவர் மேஜைக்குப் போனாள். "சார், உங்க பேருக்கு மட்டும் இடம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஏம்மா மினெகிஷி, ஏன் இப்படிக் குதிக்கிறே?" அவர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "கடைசி வரைக்கும் எவன் ஆடப்போறான்? பாதிப் பசங்க வழியிலயே விட்டுட்டுப் போயிடுவானுங்க. முதல் எதிரியைத்தான் எல்லாரும் பாப்பாங்க. உன் தேரையைப் பாக்கறாங்கல்ல, அது போதாதா?"

"என் தேரைன்னு இப்பவாவது வாயில வந்துச்சே" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஆனால் அந்த மனிதர் வாய் தவறி ஒரு நல்ல வழி காட்டிவிட்டார் என்பது இருக்கைக்கு வருவதற்குள் அவளுக்கு உறைத்தது.

நிரல் எழுதும் குவாபாராதான் காய்ச்சலில் தின்பண்டத்தைப் பறிகொடுத்தவன். அவனிடம் போய் நின்றாள்.

"தேரை கக்கற ஊர்க்காரங்க எல்லாரும் 'நன்றி, வீரரே'ன்னுதானே சொல்றாங்க? அந்த இடத்துல வேற பேச்சு போடலாமா?"

அவள் நீட்டிய காகிதத்தைப் படித்த குவாபாரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அக்கா, மாட்டினா ரெண்டு பேருக்கும் வேலை காலி."

"அந்தாளு பாக்கணுமே, மாட்டறதுக்கு!"

இனுஸுகா ஒரு சண்டையையும் ஆடியதில்லை. சோதனைக் கேசட்டில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் சண்டை தாண்டிப்போகும். வேலை சீக்கிரம் நடக்க அவர்களே வைத்துக்கொள்ளும் குறுக்குவழி அது. தேரை வந்தால் அழுத்துவார், அடுத்த ஊருக்குப் போய்விடுவார். இந்த முறையும் அப்படியே தாண்டித் தாண்டி முடிவில் தன் பெயரைப் பார்த்துப் பூரித்து, "பிரமாதம்" என்று முத்திரை குத்தினார். கேசட் ஆலைக்குப் போனது.

விற்பனைக்கு வந்த முதல் ஞாயிறு, ஒசாகாவின் நிப்போன்பாஷிக் கடைத்தெருவில் பெரிய கடையொன்றில் கூட்டம் நெரிந்தது. தேரையைப் படைத்தவரே ஆடிக் காட்டுகிறார் என்று பதாகை கட்டியிருந்தார்கள். மினெகிஷி ஓரமாக நின்றாள். படைத்தவராம்!

தேரை வந்தது. இனுஸுகா இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைக்குப் போகும் கேசட்டில் குறுக்குவழியை அடைத்துவிடுவார்கள் என்பதை மறந்தே போயிருந்தார். மறுபடி அழுத்தினார். தேரை அவரை விழுங்கிவிட்டு, "எனது" என்று வயிற்றைத் தட்டியது. மறுபடி ஆடினார், மறுபடி விழுங்கியது.

"மாமா, நீங்கதானே இதச் செஞ்சீங்க?" என்று முன்வரிசைச் சிறுமி கேட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மினெகிஷி மேடையேறினாள். "இப்படிக் குடுங்க" என்று கட்டுப்பாட்டுக் கருவியை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். கொட்டாவி விடும்போது மட்டும்தான் தேரைக்கு அடி விழும். அந்தக் கொட்டாவியை வரைந்தவள் அவள். அது வாயைத் திறக்கும் வரை பொறுத்து, திறந்தபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

தேரை கக்கியது. மணி வந்தது, பாலம் வந்தது, ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே விழுந்து எழுந்தார்கள். "என் பெயர் குவாபாரா. இந்த உலகத்தை நடக்க வைத்தவன் நான். இவன் விழுங்கிவிட்டான்" என்றான் ஒருவன். இசை அமைத்தவள் வந்தாள், வசனம் எழுதியவன் வந்தான். பட்டப்பெயர் அல்ல, எல்லாம் சொந்தப் பெயர்.

கடைசியாக ஒரு பெண் எழுந்து நின்றாள். "என் பெயர் மினெகிஷி தொமொயோ. இந்தத் தேரையைப் பெற்றவள் நான்."

இனுஸுகா கூட்டத்துக்குச் சிரித்த முகத்தைக் காட்டியபடியே பல்லிடுக்கில் சீறினார். "எத்தனை கேசட் கடைக்குப் போயிருக்கு தெரியுமாடி உனக்கு?"

"தெரியும். ஒண்ணுலயும் இனிமே அழிக்க முடியாது. வேலைய விட்டுத் தூக்கறதுன்னா தூக்கிக்குங்க."

முன்வரிசைச் சிறுமி திரையையும் மினெகிஷியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, மினெகிஷின்னா யாரு?"

மினெகிஷி தொண்டையைச் செருமிக்கொண்டாள். தொத்தோரியில் அம்மா வரைக்கும் கேட்கட்டும் என்பதுபோலக் கத்தினாள்:

"நான்தான்!"