கோட்டைக்குள் கலியாண எழுத்து

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கலியாணம் என்றால் முதலில் படம் பிடிக்க இடம் வேண்டும். நாள், நட்சத்திரம், பந்தி எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒருத்தன் பனிக்குள் விறைத்துக்கொண்டு நின்று எடுத்தால் மற்றவன் கப்பலில் ஏறி நின்று எடுக்கிறான். உருத்திரமூர்த்தி இதைக் காரில் வரும்போதே இரண்டு தரம் சொல்லிவிட்டார். முன்னால் இருந்த மகள் தேனுஜா காதில் விழாத மாதிரி வந்தாள்.

ஜெர்மனியில் அவர்கள் இருக்கும் வுப்பர்டால் நகரத்திலிருந்து கொஞ்சத் தூரம்தான். ஆற்றுக்கு மேலே, பல நூறு வருடப் பழைய கோட்டை. ஒரு ஓடு கூடக் கழலவில்லை. அதன் மண்டபத்தில் கலியாண எழுத்து வைக்கலாமாம். நகரசபையே ஆளை அனுப்பிப் பதியுமாம். இன்றைக்கு ஓம் சொன்னால் ஆவணியில் நாள் கிடைக்கும். தாயில்லாத பிள்ளை. எழுத்தன்று பக்கத்தில் அப்பா நிற்கவேண்டும், அது ஒன்றைத்தான் கேட்டாள்.

படி ஏறி முடிவதற்குள் அவருக்கு முழங்கால் விட்டுப்போனது. உணவகச் சமையலறையில் காலமெல்லாம் கோப்பை கழுவி நின்ற கால்.

"எப்பிடியப்பா இருக்கு?"

"கோட்டை மாதிரித்தான் இருக்கு."

மருமகனாகப் போகிற பிரவீணன் சிரித்தான். "வடிவாப் பாருங்கோ மாமா. ஒரு கல்லுக்கூட விழேல்லை."

"விழாததுதான் பிழை, தம்பி."

மண்டபத்தைக் காட்ட வந்த ஜெர்மன்காரி, எந்தப் படையாலும் பிடிக்க முடியாத கோட்டை இது என்று பெருமையாகச் சொன்னாள். தேனுஜா அதைத் தமிழில் சொன்னாள்.

"அப்ப உள்ளுக்க இருந்தவன் வெளியில நிண்டவனை என்ன செய்தவனாம்? அதையும் கேள்."

"அப்பா, பேசாமல் வாங்கோ."

யாழ்ப்பாணத்தில் அவர் பெரிய கடையில் மூட்டை தூக்கியவர். அங்கேயும் ஒரு கோட்டை இருந்தது. உள்ளே ஆமி முகாம். அங்கிருந்து ஷெல் குண்டு வந்தால் மூட்டையைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் விழவேண்டும். கூட வேலை செய்த சொந்தத் தம்பி உமாபதிக்கு விழ நேரம் கிடைக்கவில்லை. தேனுஜாவுக்கும் தெரிந்த கதைதான்.

"அது ஆமியின்ர கோட்டையப்பா. இதுக்குள்ள இப்ப கேக் வெட்டுகினம்."

"இப்ப வெட்டுகினம்."

சுவரில் ஒடுங்கலாக நீண்ட ஒரு துவாரம் இருந்தது. அந்தக் காலத்தில் அம்பு விட வைத்தது. பிரவீணன் கூப்பிட, அவரும் கண்ணை வைத்துப் பார்த்தார். கீழே பாண் சுடுகிற பேக்கரி. ஒருத்தி பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கோட்டையை வெளியில் நின்று பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம். உள்ளே நிற்பவனுக்குக் குறிபார்க்க இவ்வளவு லேசா? அவர் கண்ணை எடுத்துக்கொண்டு மகளிடம் வந்தார்.

"பிள்ளை, கோயிலில தாலி கட்டேக்க நான் நிப்பன். இதுக்குள்ள ஏலாது."

"எழுத்துக்கு நீங்களும் இல்லாட்டி எனக்கு ஆரப்பா இருக்கினம்?"

அவள் கண் கலங்கிவிட்டது. ஜெர்மன்காரி மரியாதைக்கு யன்னல் பக்கம் திரும்பினாள்.

"நீ இடத்தைப் பிடி. நான் வாசலுக்கு வெளியில நிப்பன். எழுதி முடிச்சு ரெண்டு பேரும் வாங்கோ, தலையில அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கிறன்."

"மழை பெய்தால்?"

"நனையிறன்."

தேனுஜா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜெர்மன்காரியிடம் ஓம் சொன்னாள்.

பிரவீணன் படிவரைக்கும் பின்னால் வந்தான். "மாமா, எத்தினையோ நூறு வருசமா இஞ்சையிருந்து ஒரு வெடி வைக்கேல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"அந்த மனிசிதான்."

"அவள் உள்ளுக்க வேலை செய்யிறவள், தம்பி," என்றார் உருத்திரமூர்த்தி. சுவரைத் தொடாமல், நோகிற காலை முன்னுக்கு வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.