இறவாரத்துக்கு வெளியே

கட்டில் வாசலில் மாட்டிக்கொண்டது. சர்க்கார் அந்த வாசலை வைத்தபோது ஆள் நடந்து வரவும் போகவும் பார்த்து வைத்திருக்கிறதே தவிர, படுத்த வாக்கில் ஒருவர் வெளியே போகவேண்டி வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"ஒருச்சாய்ச்சு எடுங்கப்பா," என்றார் சுடலைப் பூசாரி. அவர் வெளியே குடைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

கட்டிலைச் சாய்த்ததும் அதில் கிடந்த குருசாமி சரிந்தார். சுருளியம்மாள் ஓடிப்போய் அப்பாவின் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். தலை கொதித்தது. அவள் புருஷன் பெரியமுத்து தலைமாட்டிலும், அடுத்த வீட்டுச் செல்லத்துரை கால்மாட்டிலும், காலனி ஆட்கள் இரண்டு பேர் பக்கத்திலுமாகப் பிடித்திருந்தார்கள். நாலு பேர்.

இந்த வீட்டுக்கு வந்த அன்று அப்பா கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "இனிமே நாலு பேரு வந்து தூக்குனாத்தான் நான் இங்கேருந்து நகருவேன்," என்று சொல்லிச் சிரித்தார். நாலு பேர் வந்துவிட்டார்கள். அவருக்குத்தான் இன்னும் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் பூசாரி வந்து நாடி பிடித்துப் பார்த்தார். தேவிகுளம் டாக்டர் போன வாரமே, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பூசாரியும் இனிப் பிழைக்கமாட்டார் என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு விரலை மடக்கி எண்ணினார். அவர் முகம் மாறியதைச் சுருளி பார்த்தாள்.

"அவிட்டம் பொறந்துட்டு தாயி. அடைப்பு."

அவிட்டத்திலிருந்து ரேவதி வரைக்கும் ஐந்து நட்சத்திரமும் அடைப்பு. அந்த நாட்களில் ஒரு வீட்டுக்குள் உயிர் போனால் பிணத்தை வாசல் வழியாக எடுக்கக்கூடாது, சுவரை உடைத்துத்தான் எடுக்கவேண்டும். அப்புறம் அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போடவேண்டும். இல்லையென்றால் அதே வீட்டிலிருந்து இன்னும் உயிர்கள் போகும் என்பார்கள்.

"இன்னும் அஞ்சு நாளைக்கு உசுரு தாங்குமா அண்ணாச்சி?" என்று பெரியமுத்து கேட்டான்.

"பொழுது சாயுற வரைக்கும் தாங்குனாலே பெருசு."

சுருளிக்குச் சுவரைப் பற்றிக் கவலை இல்லை. உடைத்த சுவரைக் கட்டிக்கொள்ளலாம். பூட்டுவதுதான் முடியாது. சர்க்கார் கட்டிக்கொடுத்த லட்சம் வீட்டுக் காலனியில் பூட்டிக் கிடக்கும் வீட்டை அதே சர்க்கார் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடும். மேல் வரிசையில் ஒரு குடும்பம் கல்யாணத்துக்கென்று போடிக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டது. திரும்பி வந்தபோது கதவில் வேறு பூட்டு தொங்கியது. உள்ளே வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. ஆறு மாதம் அடைப்பு, அதனால் பூட்டினோம் என்று ஜீப்பில் வருகிறவனிடம் சொல்லமுடியுமா? சர்க்காருக்கு நட்சத்திரம் தெரியாது.

அவளாவது தன் தலையெழுத்து என்று துணிந்து உள்ளேயே வைத்திருப்பாள். ஆனால் அது இரட்டை வீடு. நடுவில் ஒரு சுவர், மேலே ஒரே முகடு. அந்தப் பக்கம் செல்லத்துரையும் அவன் பெண்டாட்டி சாந்தம்மாளும் இருந்தார்கள். பிரசவத்துக்கு வந்த மகள் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தாள்.

சாந்தம்மாள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் சுருளிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சுவரோரமாக நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லலை சுருளி. ஒரே மோடா இருக்கே, அதத்தான் பாக்கேன். நாங்களும் பூட்டிட்டுப் போகணும்னா, பிள்ளைத்தாச்சிய எங்க கொண்டு வைப்பேன், சொல்லு."

கடைசியில் பூசாரிதான் வழி சொன்னார். வீட்டுக்குள் வைத்து உயிர் பிரியாமல் இருந்தால் போதும். கூரைக்குக் கீழே இல்லாமல், இறவாரத்துத் தண்ணீர் விழுகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் வீட்டுக்கு ஒன்றும் இல்லை.

"மழையிலயா?" என்று சுருளி கேட்டாள்.

பெரியமுத்து எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய், பழைய தகரங்களை இழுத்துக்கொண்டு வந்தான்.

அந்தத் தகரங்களுக்கு ஒரு கதை உண்டு. தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து நின்றதும் கம்பெனி லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்ல, குருசாமி பள்ளிவாசல் ரோட்டோரப் புறம்போக்கில் குடிசை போட்டார். தார் டின்களைத் தட்டி நிமிர்த்தி அவரே ஆணி அடித்த கூரை அது. ஒரு நாள் ஜீப்பும் லாரியும் போலீசும் வந்து வரிசையாகப் பிரித்துப் போட்டன. அப்போதும் அவருக்கு இழுப்புதான். இதே கட்டிலோடு தூக்கி ரோட்டோரம் வைத்தார்கள். அங்கே படுத்துக்கொண்டே, எதை எடு, எதை விடு என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவைக் கழற்றச் சொன்னதும் அவர்தான்.

புது வீடு தருவதாகச் சொன்னார்கள். பட்டயத்தோடு தந்துவிட்டார்கள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் இடித்ததற்கும் கொடுத்ததற்கும் நடுவில் ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் படுதாவுக்குள் போயின. நெஞ்சில் சளி கட்டியது அங்கேதான்.

சித்திரையில் இங்கே வந்தார்கள். ஓட்டு வீடு. முதல் மழை இறங்கிய அன்று அப்பா மேலே பார்த்தபடி, "சுருளி, பாத்திரம் வைக்கலையா?" என்று கேட்டார். ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைத்தே பழகிய குடும்பம். "ஒழுகலப்பா," என்றாள். அவர் நம்பவில்லை. கையை நீட்டித் தரையைத் தடவிப் பார்த்தார். தரை காய்ந்திருந்தது. அன்று முழுக்க மேலே இருந்த ஓடுகளையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அந்த ஓட்டுக்குக் கீழிருந்துதான் இப்போது அவரை வெளியே எடுத்தார்கள்.

முற்றத்தில் நாலு கம்பு நட்டு, தகரங்களைப் போட்டு, மேலே கல் வைத்திருந்தார்கள். பூசாரி வந்து, இறவாரத்துத் தண்ணீர் குழி பறித்திருந்த கோட்டைப் பார்த்து, "இன்னும் ஒரு சாண் தள்ளுங்க," என்றார். தள்ளினார்கள். வீட்டிலிருந்த கம்பளி எல்லாவற்றையும் சுருளி அவர்மேல் போட்டாள். ஆனிச் சாரலுக்கு மேலே கூரை இருந்தால் போதாது, அது பக்கவாட்டில் வரும். பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, தன் சேலை ஒன்றைக் காற்று வருகிற பக்கம் கட்டிவிட்டாள்.

அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், அடைப்பில் நம்பிக்கை உள்ள மனுஷர், தூக்குங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். காலையில் கொஞ்சம் நினைவு இருந்தது. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. உங்களை வெளியே போடட்டுமா என்று பெற்ற அப்பனிடம் எந்த மகள் கேட்பாள்? கேட்காமல் செய்தது அதைவிடப் பாவம் என்று இப்போது தோன்றியது.

மதியத்துக்கு மேல் அவர் கண்ணைத் திறந்தார். முகம் ரோட்டுப் பக்கம் இருந்தது. தகரத்தில் மழை தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. தகரத்தைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார்.

"சுருளி."

"இங்கனதான்ப்பா இருக்கேன்."

"வந்துட்டாகளா?"

"யாருப்பா?"

"ஜீப்பு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. சர்க்கார் மறுபடியும் வந்து தூக்கிப்போட்டுவிட்டது என்று நினைக்கிறார். முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும், வீடு ஓட்டோடும் கதவோடும் நிற்பதைப் பார்த்துவிடுவார். பார்த்தால் அடுத்த கேள்வி என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும்.

பெரியமுத்து பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"ஆமாப்பா," என்றாள். "வந்துட்டாக."

"பட்டயத்தைக் காமிச்சியா?"

"காமிச்சேன்."

"கேக்கலையாக்கும்?"

"கேக்கலப்பா."

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பெரியமுத்து அங்கே நிற்க முடியாமல் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டான்.

"சண்டை போடாத. போலீசு அடிப்பான்." இழுப்பு வந்து அடங்கியது. "ஓட்டை ஒடைக்காம எறக்கச் சொல்லு. நல்ல ஓடு. கதவைக் கழத்திக்க."

"சரிப்பா."

"பிள்ளைக நனையுதா?"

"இல்லப்பா. அதுக உள்ள..." என்று தொடங்கி நிறுத்தினாள். "நனையலப்பா."

அவர் தலையை ஆட்டினார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சுருளி அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் மங்கும் முன்பே அது வெறும் கையாகிவிட்டது.

போடியிலிருந்து ஆள் வரவேண்டியிருந்ததால் மறுநாள்தான் எடுத்தார்கள். எடுக்கும்போது எந்த வாசலும் குறுக்கே நிற்கவில்லை. வீட்டுக்கு ஒரு தோஷமும் இல்லை, தைரியமாக இருங்கள் என்று பூசாரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

புதைத்துவிட்டு ஆம்பளைகள் குளித்து வந்தபிறகு சாந்தம்மாள் கஞ்சியோடு வந்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுருளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னைய மனசுல வையாத சுருளி."

"உங்களை எதுக்கு மதினி வைக்கப் போறேன்? தலையைப் பிடிச்சுத் தூக்குனது நான்."

உயிர் போன இடத்தில் விளக்கு வைக்கவேண்டும். அதனால் விளக்கையும் தகரத்துக்குக் கீழேதான் ஏற்றினாள். பழைய ஆணி ஓட்டை ஒன்றின் வழியாகச் சொட்டு விழுந்து திரி சிடுசிடுத்தது. விளக்கைத் தள்ளி வைத்தாள். அங்கேயும் விழுந்தது. இன்னும் தள்ளி, கட்டில் கால் நின்ற இடத்தில் வைத்தபோது சுடர் நின்றது.

"உள்ள வா சுருளி, நனையுற," என்று பெரியமுத்து வாசலில் நின்று கூப்பிட்டான்.

அவள் இறவாரத்துத் தண்ணீரைத் தாண்டி உள்ளே போனாள். பிள்ளைகள் காய்ந்த தரையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தன. அடுக்குப் பானைக்குப் பின்னால் கையை விட்டு, சித்திரையிலிருந்து வேலையில்லாமல் கிடந்த அலுமினியச் சட்டியை எடுத்தாள். அதோடு மறுபடியும் வெளியே போய், விளக்குக்குப் பக்கத்தில் சொட்டு விழுகிற இடத்தில் வைத்தாள்.

சட்டியில் தண்ணீர் விழத் தொடங்கியது.