மாப்பிள்ளைத் துப்பாக்கி

துப்பாக்கி வாங்கும்போது மரியசெல்வம் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார். இரண்டு குழல்களையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துரு இல்லை என்று கண்டார். விசையை இழுத்தார். கட்டையைத் தோளில் வைத்து எடை பார்த்தார். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். இடது பக்கம் அப்பியிருந்த கிரீஸை வழித்துப் பார்க்கவில்லை.

வழித்தவள் அவர் மனைவி ஷர்லி. ஆவூர் வீட்டில், பழைய வேட்டித் துணியால். விசைக்கு மேலே இரும்பிலேயே ஒரு பூக்கொடி வெட்டியிருந்தது. கொடிக்கு நடுவில் எழுத்து. அவள் எழுத்துக்கூட்டாமல் படித்தாள்.

"எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு."

"எங்க போட்டிருக்கு?"

"இங்கதான். யாருங்க அந்த மாப்பிள்ளை?"

"முன்னாடி வச்சிருந்தவரா இருக்கும். மாமனார் சீராக் குடுத்திருப்பாரு."

"இப்படியும் மாமனாருங்க இருக்காங்க. எங்கப்பா ஒரு வாட்ச் குடுத்தாரு, அது ஓடல."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"இருபத்திரெண்டு வருஷமா வேற என்னத்தைச் சொன்னீங்க?"

சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் பேங்க் காவலுக்கு எடுப்போம் என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். மரியசெல்வத்துக்கு வேலை விராலிமலைக் கிளையில். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து மனைவியோடு காப்பி குடிக்கிற முதல் வேலை அது. இதற்கு முன் அவர் பார்த்த வேலையெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு விட்டது.

எழுத்தின் மேல் கறுப்பு டேப்பை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

பத்தாம் நாள் மேனேஜர் சத்யா கூப்பிட்டாள். அவர் மகள் வயது.

"அண்ணே, துப்பாக்கி ஒடஞ்சிருக்கா?"

"இல்லைங்க மேடம்."

"அப்புறம் எதுக்கு டேப்? பதினஞ்சாம் தேதி ஏஜென்சி ஆபீசர் செக்கிங் வாராரு. அன்னைக்குக் கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியும்ல? முன்னாடி இருந்த காவலாளியால அடக்க முடியல. கதவுக் கைப்பிடியே கழண்டு வந்திருச்சு. அவரை மெட்ராசுக்கு மாத்திட்டாங்க. டேப்பை எடுத்திருங்க. கூட்டத்தை மட்டும் பாத்துக்கங்க."

மெட்ராஸ் என்ற சொல் மரியசெல்வத்தின் காதிலேயே நின்றது. காவல்காரன் சொன்னால் கூட்டம் கேட்க வேண்டும். மாப்பிள்ளை என்று எழுதின துப்பாக்கியோடு நிற்கிறவனைப் பார்த்தால் கூட்டம் சிரிக்கும். சிரித்த கூட்டம் எங்கே கேட்கும்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் துப்பாக்கி வாங்கின ஊருக்கே பஸ் ஏறினார். திருச்சிக் கடைக்காரர் டேப்பை உரித்தார். வெயிலில் உருகின பசை கொடியின் பள்ளத்திலெல்லாம் இறங்கியிருந்தது.

"இந்த எழுத்தை அரம் போட்டு ராவி எடுத்துக் குடுங்க."

"லைசென்சைக் காட்டுங்க." கடைக்காரர் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "கண்ணாடி போட்டுப் படிங்க."

அடையாளம் என்ற கட்டத்தில் நம்பர் இருந்தது. நம்பருக்குக் கீழே, இடது புறம் பூக்கொடி, 'எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு' என்ற பொறிப்பு என்று இருந்தது.

"இதை யாரு எழுதினது?"

"பில்லுல நான் எழுதினேன். கலெக்டர் ஆபீஸ்ல அதைப் பாத்து அப்படியே ஏத்திட்டாங்க. இனிமே இதை ராவணும்னா மனு குடுக்கணும். ராவிட்டு மனு குடுத்தீங்கன்னா என்னையும் சேத்துக் கூட்டிட்டுப் போவாங்க."

"மனு குடுத்தா எவ்வளவு நாளாகும்?"

"நல்லபடியா இருந்தா அடுத்த தீபாவளி."

பசையை மட்டும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தார். எழுத்து முன்னைவிடப் பளபளவென்று வந்துவிட்டது.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் மரியசெல்வம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தார். இது என்னது இல்லைங்க, முன்னாடி இருந்த ஓனரோடதுங்க. பதினைந்தாம் தேதி காலைவரை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று மகளிர் உரிமைத் தொகை எடுக்க ஒன்பது மணிக்கே நூற்றைம்பது பேர். எல்லாரும் பெண்கள். பத்து மணிக்குக் கதவைத் திறந்ததும் வரிசை என்று இருந்தது ஒரே கும்பலாகத் திரண்டு வாசலில் அடைத்துக்கொண்டது. ஒருத்தி இன்னொருத்தியின் கூடையை இழுத்தாள். ஒரு செருப்பு உள்ளே போனது, செருப்புக்காரி வெளியே நின்றாள்.

"லைன்ல வாங்க, லைன்ல வாங்க" என்றார் மரியசெல்வம். யாரும் காதில் வாங்கவில்லை.

முன்னால் நசுங்கிக்கொண்டிருந்த கிழவி உண்ணாமலையின் முகம் துப்பாக்கிக்கு நேராக இருந்தது. உண்ணாமலை அறிவொளி முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தவள். அன்றிலிருந்து கண்ணில் படுகிற எழுத்து எதையும் வாய்விட்டுப் படிக்காமல் விடமாட்டாள். பஸ் போர்டு, மாத்திரை அட்டை, கல்யாண பேனர், எல்லாம்.

"எ... ங்... கள்... வீட்டு... மா... மாப்பிள்ளைக்கு."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். சிரிப்பு பின்னால் பரவியது.

"யாருக்கு ஆத்தா மாப்பிள்ளை?"

"எங்கள் வீட்டுன்னு போட்டிருக்குடி. நம்ம வீட்டு மாப்பிள்ளைதான்." உண்ணாமலை நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க, நீங்க எந்த வீட்டு மாப்பிள்ளை?"

தயார் செய்த வாக்கியம் மரியசெல்வத்தின் நாக்கு நுனியில் இருந்தது. இது என்னது இல்லைங்க. அவர் வாயைத் திறந்தார். நூற்றைம்பது பேர் அவர் வாயைப் பார்த்தார்கள். கதவைத் திறந்ததிலிருந்து அப்போதுதான் ஒரு அமைதி.

வாக்கியத்தை விழுங்கினார்.

"ஒங்க வீட்டு மாப்பிள்ளைதான் அத்தை. கொஞ்சம் வரிசையா நில்லுங்க."

உண்ணாமலை சட்டென்று சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். குரலும் இறங்கிவிட்டது.

"கேட்டுச்சாடி? மாப்பிள்ளை நிக்கிறாரு, அவரு முன்னாடி மாட்டுச் சந்தையாட்டம் நிக்கிறீங்க. அங்கிட்டுப் போய் வரிசையில வாங்க."

போனார்கள். பாதிப்பேர் சிரித்துக்கொண்டு, பாதிப்பேர் நிஜமாகவே தலைப்பைச் சரிசெய்துகொண்டு. செருப்பு கைமாறி வெளியே வந்தது. நடுவில் ஒருத்தி இடிக்கப் பார்த்தபோது முன்னால் நின்றவள், "மாப்பிள்ளை பாக்குறாரு" என்றாள். இடிக்க வந்தவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். யாரோ உள்ளேயிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து அவர் பின்னால் போட்டார்கள்.

"டூட்டியில உக்காரக்கூடாதுங்க."

"மாப்பிள்ளை நின்னா நாங்க எப்படி உக்காருறது?" என்றாள் படியில் உட்கார இடம் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி. ஆக, எல்லாரும் நின்றார்கள்.

பதினொன்றரைக்கு ஆபீசர் வந்தார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான், மீசையிலேயே தெரிந்தது. தெருமுனைவரை நூல் பிடித்தாற்போல் நின்ற வரிசையைப் பார்த்தார். தப்பான கிளைக்கு வந்துவிட்டோமோ என்று போர்டையும் பார்த்தார். பிறகு லைசென்சை வாங்கி நம்பரை ஒத்துப் பார்த்தார். அடுத்த வரிக்கு வந்ததும் துப்பாக்கியைத் திருப்பினார். எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார். "இந்தக் கூட்டத்தை எப்படிய்யா நிக்க வச்சே?"

மரியசெல்வம் விறைப்பாக நின்றார். பதிலை உண்ணாமலை சொன்னாள்.

"எங்க வீட்டு மாப்பிள்ளைங்க. இவரை வேற ஊருக்கு மாத்துறதா இருந்தா எங்களைக் கேட்டுட்டு மாத்துங்க."

ஆபீசர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்ற சத்யாவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் நோட்டில் எழுதியதை மரியசெல்வம் தலைகீழாகவே படித்துவிட்டார். ஆயுதம் சரி. கூட்டம் ஒழுங்கு. காவலாளி இங்கேயே தொடரலாம்.

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனார். கையில் ஒரு பை நிலக்கடலை, ஒரு பரங்கிக்காய், நாலு முட்டை. ஷர்லி பையைத் திறந்து பார்த்தாள்.

"யாரு குடுத்தா?"

"மாமியாருங்க."

அவள் காப்பி ஆற்றிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள். இரண்டு இடத்தில் சிரித்தாள்.

"எங்கப்பா ஞாயித்துக்கிழமை வாரேன்னு போன் பண்ணுச்சு" என்றாள்.

மரியசெல்வம் துப்பாக்கியைப் பீரோவுக்குள் வைத்தார். பூட்டப் போனவர் நின்றார்.

"எத்தனை மணிக்கு வாராரு?"

"பத்து மணி இருக்கும். ஏன்?"

"ஒண்ணுமில்ல. இந்த எழுத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கணும். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஹால்ல உக்காந்து துடைக்கலாம்னு இருக்கேன்."