பதினோரு அங்குல வழி

ரங்கநாதன் தெருவில் பொன்ராஜின் துணிக்கடையில் கல்லாவுக்குப் போக ஒரே வழிதான். தேக்கு மேசையின் முனைக்கும் கட்டடத்தைத் தாங்கும் தூணுக்கும் நடுவே பதினோரு அங்குல இடைவெளி. மேசையைச் செய்து போட்டவர் பொன்ராஜின் அப்பா. அவர் ஒல்லி. தன் உடம்புக்குப் போதுமான வழியை விட்டுவிட்டு, மூத்த மகன் நன்றாகச் சாப்பிடுவான் என்பதை யோசிக்காமல் செத்துப்போனார்.

நாற்பத்தாறு வயதில் பொன்ராஜின் வயிறு அந்தக் கணக்கைத் தாண்டியது. முதலில் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை வெளியே விட்டு உள்ளே போனார். பிறகு மூச்சோடு கொஞ்சம் மானத்தையும் விட்டுவிட்டுப் போனார். ஆனி மாத முகூர்த்த நாள் ஒன்றில், நிச்சயதார்த்தச் சேலை எடுக்க வந்த இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் மாட்டிக்கொண்டார். கடையாட்கள் இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். டெரிலின் சட்டையின் பொத்தான்கள் தெறித்தன. கூட்டத்தில் ஒரு கிழவர், "தல வந்துட்டுது, இனி பயமில்ல" என்றார். கடையே சிரித்தது.

தம்பி அய்யாதுரை சிரிக்கவில்லை. அதுதான் பொன்ராஜுக்குப் பயமாக இருந்தது.

"நீங்க வெளியவே ஸ்டூல் போட்டு உக்காருங்க அண்ணாச்சி. உள்ள நான் உக்காந்துக்கிடுதேன்" என்றார் அய்யாதுரை.

கல்லாவில் உட்காருகிறவர் முதலாளி. வெளியே ஸ்டூலில் உட்காருகிறவர் முதலாளியின் அண்ணன். இது இரண்டு பேருக்கும் தெரியும்.

"மேசையில மூணு அங்குலம் அறுத்துட்டாப் போச்சு" என்றார் பொன்ராஜ்.

"அப்பா போட்ட மேசையில ரம்பத்த வைக்கணும்னா மொதல்ல என் கழுத்துல வைங்க."

அய்யாதுரைக்கு அப்பா மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. உடம்பு ஒல்லி, அவ்வளவுதான். மேசை மேல் ஏறித் தாண்டவும் முடியாது. துணி விரிக்கிற இடத்தில் கால் படக்கூடாது. ஆயுத பூஜையன்று உள்ளே போய் விளக்கேற்றுகிறவர் அடுத்த ஆயுத பூஜை வரை கல்லாவில் உட்காருவார் என்பது அப்பா வைத்த வழக்கம். அதையே அய்யாதுரை கெடுவாக வைத்தார். அன்றைக்கு யார் கையும் படாமல் அண்ணன் உள்ளே போனால் கல்லா அவருக்கு. போகாவிட்டால் தம்பிக்கு.

மயிலாப்பூரில் டாக்டர் சுப்புராயன் பொன்ராஜின் வயிற்றை நான்கு இடத்தில் அமுக்கிப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் முடிஞ்ச மட்டும் வேகமா ஓடணும். ரெண்டு நிமிஷம் மெதுவா நடக்கணும். மறுபடி ஓட்டம், மறுபடி நடை. எட்டு தடவை. சும்மா நடந்தா இந்த வயிறு அசையாது."

"வாரத்துக்கு எத்தன நாளு?"

"அஞ்சு."

பொன்ராஜ் கடையில் பேரம் கிடையாது, பலகையே மாட்டியிருந்தார். ஆனால் அடுத்தவர் இடத்தில் சொன்ன விலைக்கு வாங்கிவந்தால் அவருக்குத் தூக்கம் வராது. டாக்டருக்கும் தி. நகர் வியாபாரிகளைத் தெரியும். அதனால்தான் இரண்டு நாள் கூட்டிச் சொல்லியிருந்தார்.

"கடைசியா சொல்லுங்க. ஒண்ணு."

"ஒரு நாள் ஓடி வயிறு குறையும்னா நான் எதுக்கு ஆறு வருஷம் படிச்சேன்? நாலு."

"ஒன்ற."

"அரை நாள் எப்படி ஓடுவீங்க?"

"அது என் பாடு."

பொன்ராஜ் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். மூன்றாவது படியில் டாக்டர் கூப்பிட்டார்.

"இங்க வாங்க. மூணு. அதுக்குக் கீழ கிடையாது. ஒரு நாள் ஓட்டம், மறுநாள் ஓய்வு. அந்த ஓய்வு ரொம்ப முக்கியம். ஓடுற அன்னிக்கு உடம்பு அடி வாங்குது. ஓய்வெடுக்கிற அன்னிக்குத்தான் தேறுது."

"அப்போ ஓடாத அன்னைக்குத்தான் வேலையே நடக்குது?"

"ஒரு வகையில அப்படித்தான்."

"அப்போ அந்த நாளக் கூட்டிப் போடுங்க."

வெளியே பதினொரு பேர் காத்திருந்தார்கள். "உங்க இஷ்டம்" என்று டாக்டர் மணியை அடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பொன்ராஜ் மனைவியிடம் சொன்னார். "அஞ்சுன்னு ஆரம்பிச்சாரு. ஒண்ணுக்கு முடிச்சிட்டேன்."

"ஒங்க வயித்துக்கிட்டயும் பேசி முடிச்சீகளா?" என்றாள் தங்கபுஷ்பம்.

ஒரு மாதம் திங்கட்கிழமை மட்டும் ஓடினார். மீதி ஆறு நாளும் கடமை தவறாமல் ஓய்வெடுத்தார். கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்த அப்துல் கஃபார் அளவெடுத்தார். சென்டிமீட்டர் வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் கஃபார் அங்குலத்தில்தான் அளப்பார். பொன்ராஜைச் சுவரில் முதுகு ஒட்ட நிற்க வைத்து, சுவரிலிருந்து வயிற்றின் உச்சிவரை மரஸ்கேலைப் பிடிப்பார். ஓடத் தொடங்கும்போது பதின்மூன்றரை. இப்போது பதின்மூன்றே முக்கால்.

"கால் இஞ்சி லாபம் கீது மொதலாளி" என்றார் கஃபார்.

பொன்ராஜ் மறுபடி மயிலாப்பூருக்கு ஓடினார்.

"ஆறு நாளாப் போடுங்க டாக்டர். விட்டுப்போனதயும் சேத்து முடிச்சிருதேன்."

"மூணு. கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. ஆறு நாள் ஓடினா முட்டி போயிடும். அப்புறம் ஸ்ட்ரெச்சர்லதான் கல்லாவுக்குப் போகணும்."

"ஸ்ட்ரெச்சர் அதுல நுழையாது டாக்டர்."

சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது, யாரோ பையில் கைவிட்டுவிட்டதுபோல் இருந்தது அவருக்கு.

திங்கள், புதன், வெள்ளி. காலை ஐந்தரைக்குப் பனகல் பார்க். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொன்ராஜ் நிற்பார். கஃபார் கைக்கடிகாரத்தைப் பார்த்து "ஓடு!" என்று கத்துவார். விடிகாலையில் ஒரு குண்டு மனிதர் தலைதெறிக்க ஓட, பின்னால் ஒருவர் "ஓடு, ஓடு, வுடாதே" என்று கத்தினால் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெஞ்சில் படுத்திருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். பால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ரிக்‌ஷாக்காரர் தணிகாசலம் எல்லோரையும் முந்தினார்.

"திருடன் எந்தப் பக்கம் போனான் நைனா?"

பதில் சொல்லப் பொன்ராஜிடம் மூச்சு இல்லை. "நட!" என்றார் கஃபார். பொன்ராஜ் நடந்தார். எல்லோரும் நின்றார்கள்.

"இன்னாய்யா, வுட்டுட்டியா?"

இரண்டு நிமிடம் கழித்து அவர் மறுபடி ஓடினார். திருடன் மறுபடி கண்ணில் பட்டுவிட்டான் என்று எல்லோரும் ஓடினார்கள். எட்டாவது தடவை முடிந்தபோது யாரும் பிடிபட்டிருக்கவில்லை. ஆனால் பாதியில் கிளம்பிப் போகவும் யாருக்கும் மனம் வரவில்லை. மூன்றாவது வாரம் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"திருடனும் இல்ல ஒருத்தனும் இல்லய்யா. நான் வயித்தக் குறைக்க ஓடுதேன்" என்றார் பொன்ராஜ் ஒருநாள்.

தணிகாசலம் அவர் தோளில் கை போட்டார். "வயித்துக்காக எவனாவது ஓடுவானா? வெளிய சொல்ல வெக்கமா கீதா? பரவால்ல நைனா. இன்னா அட்சிக்கினு போனான், அத்த மட்டும் சொல்லு."

பதின்மூன்று. பன்னிரண்டரை. பன்னிரண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் கஃபார் அளவைச் சொல்லச் சொல்ல அய்யாதுரைக்கு முகம் சுருங்கியது. அப்புறம் ஊரிலிருந்து அல்வா வரவழைக்க ஆரம்பித்தார். தினமும் பதினொரு மணிக்கு ஒரு பொட்டலம்.

"நம்ம ஊரு அல்வா அண்ணாச்சி. வேண்டாம்னு சொன்னா மொகத்துல அடிச்ச மாதிரி."

பொன்ராஜ் ஓட்ட நாளில் தொடவில்லை. ஓய்வு நாளில் தின்றார். ஓய்வெடுக்கத்தான் டாக்டர் சொன்னார், அல்வாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆயுத பூஜையன்று காலை கஃபார் ஸ்கேலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எடுத்து மறுபடி பிடித்தார்.

"சொல்லும் பாய்."

"பதினொன்ற."

கடை கழுவி, மேசைக்குச் சந்தனம் வைத்து, தூணுக்கு மாலை போட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு நல்ல நேரம். பொன்ராஜ் பக்கவாட்டில் திரும்பினார். இருக்கிற மூச்சையெல்லாம் வெளியே விட்டார். வலது கால் போனது, வலது கை போனது, தோள் போனது. வயிறு சரியாக நடுவில் வந்து நின்றுவிட்டது.

"சரி, முடிஞ்சிது" என்றார் அய்யாதுரை. "வெளிய இழுங்கலே."

"எவனாவது தொட்டான், கைய ஒடிச்சிருவேன். யார் கையும் படாம உள்ள போகணும்னுதான் பேச்சு. எத்தன நேரத்துலன்னு எவனும் சொல்லல."

"நல்ல நேரம் போகுது. வழிய விடுங்க, நானாவது போய் வெளக்கேத்துதேன்."

"எப்படி விட? நான்தான் போய்க்கிட்டு இருக்கேன்லா?"

அய்யாதுரை மேசையைப் பார்த்தார். ஏறித் தாண்டினால் அப்பா மேசையில் மிதித்த பாவம். அதுவும் கழுத்தைக் கொடுப்பதாகச் சொன்ன பிறகு. ஒரே வழி, அதில் அண்ணன்.

பத்தரைக்கு நல்ல நேரம் முடிந்தது. பண்டிகைக் கூட்டம் வந்தது. பொன்ராஜ் மாட்டிய இடத்திலிருந்தே வியாபாரம் பார்த்தார். வெளியே இருந்த இடது கையால் வாங்கி, உள்ளே இருந்த வலது கையால் கல்லாவில் போட்டார். மத்தியானம் தங்கபுஷ்பம் கொண்டுவந்த அடுக்குக் கேரியரைத் திறக்கக்கூட விடவில்லை. தண்ணீரும் வேண்டாம் என்றுவிட்டார். மூன்று மணிக்கு பார்க் ஆட்கள் கும்பலாக வந்தார்கள். அன்று ஓட்ட நாள். பூஜை என்று பொன்ராஜ் காலையில் போகவில்லை. என்ன ஆயிற்றோ என்று தேடி வந்திருந்தார்கள்.

தூணுக்கும் மேசைக்கும் நடுவே நசுங்கி, கல்லாவில் ஒரு கையோடு நின்றவரைத் தணிகாசலம் பார்த்தார்.

"அடப்பாவி, நீதானா அந்தத் திருடன்? ரெண்டு மாசமா எங்களையே ஓட வுட்டுட்டியே!"

நாலரை மணிக்கு, வேர்வை ஊறி வேட்டிவரை நனைந்திருந்த பொன்ராஜ், யாரும் எதிர்பாராத நேரத்தில், சோப்புக்கட்டி கையிலிருந்து நழுவுவதுபோல் உள்ளே போய் விழுந்தார். எழுந்தார். விளக்கேற்றினார். உட்கார்ந்தார். பார்க் ஆட்கள் காரணம் தெரியாமல் கைதட்டினார்கள். அய்யாதுரை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இனி என்ன, சாப்பிடுங்க" என்று தங்கபுஷ்பம் கேரியரை மேசைமேல் வைத்தாள்.

பொன்ராஜ் மூடியைத் திறந்தார். அந்த வழியைப் பார்த்தார். சாப்பிட்டால் வெளியே போக முடியாது. வெளியே போகாவிட்டால் ஓட முடியாது. சாப்பிடாமலே போனாலும் திரும்பி வர இன்னொரு ஏழரை மணி நேரம் ஆகும். மூடியை மூடினார். சொம்பிலிருந்த தண்ணீரை மட்டும் எடுத்துக் குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கி அதையும் குடித்தார்.

"வீட்டுக்குப் போவோம், வெளிய வாங்க" என்றாள் அவள்.

"ஆமா, வாங்க அண்ணாச்சி" என்றார் அய்யாதுரை. அன்று முழுவதும் அவர் இவ்வளவு இனிமையாகப் பேசவில்லை.

பொன்ராஜ் அசையவில்லை. "பாய், இன்னைக்கு ஓட்டம் பாக்கி இருக்கு. ஒண்ணு குறஞ்சாலும் டாக்டர் ஒத்துக்கிட மாட்டாரு. வாட்ச எடும்."

கல்லாவுக்குப் பின்னால் இரண்டடி இடம் இருந்தது. கஃபார் "ஓடு!" என்றார். பொன்ராஜ் நின்ற இடத்திலேயே ஓடினார். மேசை குலுங்கியது, தூணில் மாலை ஆடியது, விளக்கின் சுடர் குதித்தது. என்ன செய்வதென்று தெரியாத முப்பது பேரும் ரங்கநாதன் தெருவில் நின்ற இடத்திலேயே ஓட ஆரம்பித்தார்கள். "நட!" என்றார் கஃபார்.

அய்யாதுரை மட்டும் அவசரப்படவில்லை. காலிச் சொம்பு இரண்டையும் பார்த்தார். எத்தனை பெரிய முதலாளியானாலும் இன்னும் ஒரு மணி நேரத்தில் ஒன்றுக்குப் போக வெளியே வந்துதான் ஆக வேண்டும். ஸ்டூலை வழிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.