நாற்பத்தோராவது வரி

என் அக்கா புருஷன்தான் எங்கள் ஆபீசில் மென்பொருளைப் பொதியாகக் கட்டி வெளியே அனுப்பும் பிரிவுக்குத் தலைவர். பொதி கட்டும் ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கு நாங்கள் எழுதிவைக்கும் கட்டளைப் பட்டியல், மூன்றே வரி. மூன்றாவது வரி, அவர் எழுதி எங்கோ வைத்திருக்கும் துணைக்கோப்பைக் கூப்பிடும்.

"அதுக்குள்ள என்ன சார் நடக்குது?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"உனக்கெதுக்கும்மா அந்தத் தலைவலி? எல்லாம் தானா நடக்கும்."

நானும் மண்டையை ஆட்டினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்!

மூன்று வருடத்தில் முதுகு ஒடிய ஐம்பத்திரண்டு பொதிகள் கட்டினேன். உதவித் தலைவர் பதவி காலியானபோது மேலாளர் அம்மா எந்தப் பொதியை யார் கட்டினார்கள் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு, "உன் பேர்ல ஒண்ணுகூட இல்லையே?" என்றார். எல்லாம் அத்தான் பெயரில். புதன்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

துணைக்கோப்பைத் தேடித் திறந்தேன். இரண்டு தடவை படித்தேன். அக்கா முகத்துக்காக அவரைத் தனியாகக் கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

ஸ்கிரிப்டில் மாற்றம் எதுவானாலும் புதன்கிழமைக் கூட்டத்தில் தலைவரே அதை எல்லார் முன்னாலும் வரிவரியாக வாசித்து ஒப்புதல் தருவது எங்கள் வழக்கம். துணைக்கோப்பு ஒளிந்து செய்த வேலை அத்தனையையும் ஸ்கிரிப்டிலேயே எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் விளக்கம் போட்டேன். அவர் முன்கூட்டிப் படிக்க மாட்டார் என்று தெரியும்.

"தானா நடக்குறத எதுக்கு இவ்வளவு நீட்டி எழுதணும்?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "கோப்புகளை எடு. சரிபார். சுருக்கு..." நாற்பத்தோராவது வரி வந்தது. "செய்தவர் பெயரை அழித்து..." நின்றுவிட்டார்.

"அழிச்சு?" என்றார் மேலாளர்.

"படிங்க அத்தான்" என்றேன். ஆபீசில் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"...தலைவர் பெயரை எழுது."

அன்று மாலையே அவர் நாற்காலி எனக்கு வந்தது. அவரை என் கீழே பொதி கட்டப் போட்டார்கள்.

அக்கா போனில் அழுதாள். "சாப்பிடாம உக்காந்திருக்காருடி. தினமும் அந்த ஸ்கிரிப்டத் திறக்கணுமாமே. அந்த வரியையாவது அழிச்சிடேன்."

அவள் அழுதது கஷ்டமாகத்தான் இருந்தது. "இனிமே அது ஓடாதுக்கா" என்றேன்.

ஓடாமல் மட்டும்தான் செய்தேன். கணினி அதைத் தாண்டிப் போகும்படி முன்னால் ஒரு குறி போட்டு, எழுதியவர் இன்னார் என்று அவர் பெயரையும் சேர்த்து, வரியை அப்படியே விட்டுவைத்தேன்.